ஆறு பெயர்களும் ஓர் இடமும்: இங்கிலாந்தில் கவுன்சில் பாடசாலை அனுமதியை நடத்தும் விதம்

இங்கிலாந்தில் பிள்ளையின் பாடசாலையைத் தெரிவுசெய்யும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்றுதான் பொதுவாகச் சொல்லப்படுகிறது. சட்டத்தில் அப்படி ஓர் உரிமை எழுதப்படவில்லை. 1980ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் கொடுத்ததும், இன்று 1998ஆம் ஆண்டின் பாடசாலைத் தரங்கள் மற்றும் கட்டமைப்புச் சட்டத்தின் 86ஆம் பிரிவில் இருப்பதும், விருப்பத்தைத் தெரிவிக்கும் உரிமைதான். தெரிவித்த விருப்பத்தை நிறைவேற்றும் கடமை அனுமதி வழங்கும் அமைப்புக்கு உண்டு. ஆனால் நிறைவேற்றினால் மற்றப் பிள்ளைகளின் கல்விக்கோ பாடசாலையின் வளங்களுக்கோ பாதிப்பு வரும் என்ற நிலையில் அந்தக் கடமை விலகிவிடும். ‘பாதிப்பு’ என்ற இந்த ஒரு சொல்லின் மேல்தான் மேன்முறையீடு என்ற ஏற்பாடு முழுவதும் நிற்கிறது என்பதால், அதைப் பின்னர் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஹரோ, பிரென்ட், ரெட்பிரிட்ஜ், நியூஹாம், குரொய்டன், மேர்ட்டன் என்று தமிழர் செறிந்து வாழும் இலண்டன் பகுதிகளில், ஐப்பசி பிறந்தால் இந்தப் பேச்சு எல்லா வீடுகளிலும் எழும். எந்தப் பாடசாலையை முதலாவதாகப் போடுவது, கவுன்சிலில், அதாவது உள்ளூராட்சி மன்றத்தில், யாரைக் கண்டு பேசுவது, தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினால் உதவுமா என்றெல்லாம் கேட்பார்கள். இலங்கையில் முதலாம் வகுப்புக்குப் பிள்ளையைச் சேர்க்க நேர்முகத் தேர்வுக்குப் போய், காணி உறுதியையும் வாக்காளர் இடாப்பின் பிரதியையும் நீட்டி, பழைய மாணவர் சங்கத்தில் யாரையாவது தேடிப் பழகிய ஒரு தலைமுறைக்கு இந்தக் கேள்விகள் இயல்பானவை. ஆனால் இங்குள்ள முறையில் மனிதர் தம் மதியைக் கொண்டு முடிவெடுக்கும் கட்டங்கள் இரண்டே. ஒன்று, பிள்ளை சேர்வதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பே விதிகள் எழுதப்படும் கட்டம். மற்றது, எல்லாம் முடிந்தபின் மேன்முறையீட்டுக் குழு கூடும் கட்டம். இடையில் நடப்பது வெறும் வரிசைப்படுத்தல். நம் பெற்றோர் ஓடியாடிச் செலவழிக்கும் உழைப்பில் பெரும்பகுதி, கேட்பதற்குக் காது இல்லாத அந்த இடைப்பகுதியிலேயே போய்ச் சேர்கிறது.

முதலில், யார் விதியை எழுதுகிறார்கள் என்பது. ‘கவுன்சில் இடம் தரவில்லை’ என்று நாம் சொல்லும்போது இரண்டு வேறு வேலைகளை ஒன்றாக்கிவிடுகிறோம். கவுன்சில் தானே நடத்தும் சமூகப் பாடசாலைகளுக்கும், மதச் சபையின் தொடர்பு இருந்தாலும் கவுன்சிலின் கட்டுப்பாட்டில் உள்ள பாடசாலைகளுக்கும் அனுமதி விதிகளை எழுதும் அதிகாரம் கவுன்சிலிடம் இருக்கிறது. அரச நிதியில் இயங்கினாலும் கவுன்சிலின் கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ள அகடமிகளுக்கு அவற்றை நடத்தும் அறக்கட்டளையே எழுதுகிறது. கத்தோலிக்கப் பாடசாலைகள் போன்ற பல மதப் பாடசாலைகளுக்கு அவற்றின் ஆளுநர் சபை எழுதுகிறது. இன்று இங்கிலாந்தின் அரச இடைநிலைப் பாடசாலைகளில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை அகடமிகள் என்பதால், இடைநிலைப் பாடசாலையின் முதல் வகுப்பான ஏழாம் ஆண்டுக்கான அனுமதியைப் பொறுத்தவரை பெரும்பாலான பாடசாலைகளின் விதிகள் கவுன்சிலின் கையில் இல்லை. ஆயினும் எல்லாப் பாடசாலைகளுக்குமான விண்ணப்பங்களைச் சேர்த்து, பொருத்தி, ஒரு பிள்ளைக்கு ஓர் இடம் என்று அறிவிக்கும் ஒருங்கிணைப்புக் கடமை கவுன்சிலுடையது; தன் பகுதியில் போதிய பாடசாலை இடங்கள் இருப்பதை உறுதிசெய்யும் கடமையும் 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தின்படி அதன் தலையிலேயே இருக்கிறது. விதியை எழுதுவது ஒருவர், பழியை வாங்குவது இன்னொருவர் என்ற இந்த ஏற்பாட்டைக் கவுன்சில் அதிகாரிகள் விரும்புவதில்லை. அதில் நியாயம் இருக்கிறது.

விதியை யார் எழுதினாலும், அரசின் அனுமதி விதிக்கோவைக்குள் நின்றுதான் எழுத வேண்டும். இப்போது நடைமுறையில் இருப்பது 2021 செப்டெம்பர் முதலாம் திகதி அமுலுக்கு வந்த கோவை. அது செய்யக்கூடாதவற்றை வெளிப்படையாகச் சொல்கிறது. பெற்றோரையோ பிள்ளையையோ நேர்முகத்துக்கு அழைக்கக் கூடாது. பெற்றோரின் தொழில், வருமானம், திருமண நிலை பற்றிக் கேட்கக் கூடாது. நன்கொடை கேட்கவோ அதைக் கணக்கில் எடுக்கவோ கூடாது. யார் முதலில் விண்ணப்பித்தார் என்பதைக் கொண்டு வரிசைப்படுத்தக் கூடாது. செப்டெம்பரிலேயே விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவருக்கும் இடைநிலைப் பாடசாலைக்கான கடைசி நாளாகிய ஒக்டோபர் 31ஆம் திகதி இரவு பதினொரு மணிக்கு அனுப்பியவருக்கும் இங்கு வேறுபாடு இல்லை. நள்ளிரவு தாண்டியவருக்குத்தான் பெரிய வேறுபாடு உண்டு: தாமதமான விண்ணப்பங்கள், தகுந்த காரணம் இல்லாவிட்டால், மற்றவர்கள் எல்லோருக்கும் இடம் ஒதுக்கிய பின்னரே பார்க்கப்படும்.

ஒவ்வொரு பாடசாலைக்கும் அந்த ஆண்டு சேர்க்கப்படும் பிள்ளைகளின் எண்ணிக்கை முன்கூட்டியே அறிவிக்கப்படும். இடைநிலைப் பாடசாலையில் அது 180, 210, 240 என்று போகும்; ஆரம்பப் பாடசாலையில் நான்கு வயதில் சேரும் முதல் வகுப்பான ரிசெப்ஷனுக்குப் பெரும்பாலும் 30, 60, 90 என்ற பெருக்கங்களில் இருக்கும். அந்த எண்ணிக்கையைவிடக் குறைவாக விண்ணப்பம் வந்தால், தேர்வு வைத்துப் பிள்ளைகளைத் தெரிவுசெய்யும் கிராமர் பாடசாலைகள் தவிர, கேட்டவர் எல்லோருக்கும் இடம் கொடுக்க வேண்டும். முன்னுரிமை விதிகளுக்கு அங்கே வேலையில்லை. கூடுதலாக வந்தால் மட்டுமே அவை செயற்படும். விசேட கல்வித் தேவைக்கான கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டத்தில் அந்தப் பாடசாலையின் பெயர் குறிக்கப்பட்ட பிள்ளைகள் வரிசைக்கு வெளியே நேராகச் சேர்க்கப்படுவார்கள். அதன்பின் வரிசையின் முதலிடம், எல்லாப் பாடசாலைகளிலும், அரசின் பராமரிப்பில் இருக்கும் அல்லது முன்பு இருந்த பிள்ளைகளுக்கு. அதற்குக் கீழே பாடசாலைக்குப் பாடசாலை மாறும்: மருத்துவ அல்லது சமூகக் காரணம், ஏற்கெனவே படிக்கும் சகோதரர், ஊழியரின் பிள்ளைகள், குறித்த ஆரம்பப் பாடசாலைகளிலிருந்து வருவோர், எல்லை வரையப்பட்ட சேர்க்கைப் பகுதி, மதம், கடைசியில் தூரம்.

மதப் பாடசாலைகளில் ஒரு சிறு தாள் பல குடும்பங்களைக் கவிழ்த்திருக்கிறது. கவுன்சிலின் ஒன்லைன் விண்ணப்பத்துக்கு மேலதிகமாக, பாடசாலைக்கே நேரடியாக அனுப்ப வேண்டிய துணைப்படிவம் ஒன்று உண்டு. கத்தோலிக்கப் பாடசாலையென்றால் பங்குத் தந்தையின் சான்றும் அதனோடு சேரும். பதினொரு ஆண்டுகள் ஞாயிறு தவறாமல் திருப்பலிக்குப் போன குடும்பமானாலும், அந்தப் படிவம் உரிய நாளில் போகாவிட்டால் பிள்ளை மதத்துக்கான பிரிவில் எண்ணப்படாமல் ‘ஏனையோர்’ என்ற கடைசிப் பிரிவில் விழுவாள். சைவக் குடும்பங்களுக்கு இந்தச் சிக்கல் முன்பு இருக்கவில்லை. 2008இல் ஹரோவில் நாட்டின் முதலாவது அரச நிதியுதவி பெறும் இந்துப் பாடசாலையான கிருஷ்ணா அவந்தி தொடங்கிய பின்னர் அவர்களுக்கும் துணைப்படிவத்தின் அருமை தெரிந்தது.

இனி வரிசைப்படுத்தல். இலண்டனில் உள்ள 33 உள்ளூராட்சிப் பகுதிகளும் 2005 முதல் ஒருங்கிணைந்த முறையில் இடைநிலை அனுமதியை நடத்துகின்றன. பெற்றோர் தாம் வசிக்கும் பகுதியின் கவுன்சிலுக்கு ஒரே விண்ணப்பம் அனுப்பினால் போதும். அதில் ஆறு பாடசாலைகள் வரை குறிப்பிடலாம். அவை எந்தக் கவுன்சிலின் பகுதியிலும் இருக்கலாம். இலண்டனுக்கு வெளியே குறைந்தது மூன்று பெயர்களுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்பது விதி. பக்கத்துப் பகுதிப் பிள்ளை என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்கக் கூடாது என்பதை 1989ஆம் ஆண்டின் கிரீனிச் தீர்ப்பு நிலைநாட்டியது. அதனால்தான் ஹரோவில் இருப்பவர் பார்னெட்டில் உள்ள பாடசாலையைப் போடலாம். கவுன்சில் எல்லையென்பது குப்பை எடுக்கும் வண்டிக்கு இருக்கும் அளவுக்குப் பாடசாலை அனுமதிக்கு இல்லை.

விண்ணப்பத்தில் உள்ள ஆறு பெயர்களும் அந்தந்தப் பாடசாலைகளுக்குத் தனித்தனியே போகும். பெற்றோர் எந்தப் பாடசாலையை எத்தனையாவதாகப் போட்டார் என்பது பாடசாலைக்குச் சொல்லப்படாது. பாடசாலை தன்னிடம் வந்த எல்லாப் பெயர்களையும் தன் விதிகளின்படி முதலாவதிலிருந்து கடைசி வரை வரிசைப்படுத்திக் கவுன்சிலுக்கு அனுப்பும். ஒரு பிள்ளை இரண்டாவதாகப் போட்ட பாடசாலையின் 180 இடங்களில் 95ஆவதாகவும், நான்காவதாகப் போட்ட பாடசாலையில் 20ஆவதாகவும் வந்திருக்கிறாள், முதலாவதில் 240ஆவதாக நிற்கிறாள், மற்றப் பாடசாலைகளிலும் 180 இடங்களே என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பாடசாலைகளில் அவளுக்கு இடம் உண்டு. கணினி அவற்றில் பெற்றோரின் பட்டியலில் மேலே இருக்கும் இரண்டாவதை வைத்துக்கொண்டு, நான்காவதில் அவளுடைய 20ஆம் இடத்தை விடுவிக்கும். அங்கே 181ஆவதாக நின்ற பிள்ளை உள்ளே வருவான். அவன் வந்ததால் வேறெங்கோ அவன் வைத்திருந்த இடம் விடுபடும். பகுதிகளுக்கிடையே இந்தத் தகவல் பலமுறை போய்வந்து, இனி எந்த இடமும் அசையாது என்ற நிலை வந்ததும் பட்டியல் மூடப்படும்.

இதிலிருந்து இரண்டு விடயங்கள் புலப்படும். உண்மையில் எது வேண்டுமோ அதையே முதலில் போடுவதால் ஒருவர் எதையும் இழப்பதில்லை. ‘கிடைக்காத பாடசாலையை முதலில் போட்டால் இரண்டாவதும் போய்விடும்’ என்பது பழைய காலத்துப் பயம். அந்தப் பயத்துக்கு ஒருகாலத்தில் ஆதாரம் இருந்தது. தம்மை முதலாவதாகப் போட்டவர்களுக்கே முன்னுரிமை என்ற முறையைப் பல பாடசாலைகள் வைத்திருந்தன. 2007ஆம் ஆண்டின் விதிக்கோவை அதைத் தடைசெய்தது. இரண்டாவது விடயம், ஒரே பாடசாலையை ஆறு வரியிலும் எழுதுவதால் பயனில்லை. அது ஒரு விருப்பமாகவே எண்ணப்படும். அது கிடைக்காவிட்டால், மற்றவர்கள் எல்லோருக்கும் ஒதுக்கிய பிறகு எங்கே வெற்றிடம் இருக்கிறதோ அங்கே கவுன்சில் இடம் காட்டும். பேருந்து இரண்டு மாறிப் போகவேண்டிய பாடசாலை ஏன் வந்தது என்று மார்ச் மாதத்தில் கோபப்படும் பல குடும்பங்களின் விண்ணப்பத்தில் ஒன்றோ இரண்டோ பெயர்தான் இருந்திருக்கும். 2024இல் இங்கிலாந்து முழுவதிலும் 82.9 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்கு முதலாவது விருப்பமான இடைநிலைப் பாடசாலை கிடைத்தது. இலண்டனில் அந்த விகிதம் வழக்கமாகப் பத்தில் ஏழு என்ற அளவிலேயே நிற்கும்.

பெரும்பாலான பாடசாலைகளில் கடைசி இடங்களைத் தீர்மானிப்பது தூரம். ஆனால் தூரம் என்பதும் ஒரே பொருள் அல்ல. சில கவுன்சில்கள் வீட்டிலிருந்து பாடசாலைக்கு நேர்கோட்டில் அளக்கும். சில, பாதுகாப்பாக நடந்துபோகக்கூடிய மிகக் குறுகிய வழியை அளக்கும். ரயில் பாதையின் இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் பாடசாலையும் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு, முதல் முறையில் 400 மீற்றர். இரண்டாவது முறையில் மேம்பாலம் வரை சுற்றி 1,300 மீற்றர். கோடு எங்கே தொடங்குகிறது, வாசற்கதவிலா, வரைபடத்தில் அந்த முகவரிக்குக் குறிக்கப்பட்ட புள்ளியிலா, எந்தப் படலையில் முடிகிறது என்பதெல்லாம் விதியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அளப்பது கணினி வரைபடம். கைத்தொலைபேசியில் நாம் பார்க்கும் தூரம் அங்கே செல்லாது. ஒரே அடுக்குமாடியில் மேலும் கீழும் இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்குத் தூரம் ஒன்றாகவே வந்தால், கடைசி இடத்துக்குக் குலுக்கல்தான். பிரைட்டன் அன்ட் ஹோவ் கவுன்சில் இன்னும் ஒரு படி போய், சேர்க்கைப் பகுதிக்குள் இடம் போதாத இடத்தில் தூரத்தை விட்டுவிட்டுக் குலுக்கலையே 2008 முதல் வைத்துக்கொண்டது. நல்ல பாடசாலையைச் சுற்றி வீட்டு விலை ஏறுவதை அது தடுக்கும் என்பது அதன் வாதம்.

கவுன்சில்கள் ஒவ்வோர் ஆண்டும் ‘கடைசியாக இடம் பெற்ற பிள்ளையின் தூரம்’ என்று ஓர் எண்ணை வெளியிடும். விண்ணப்பிக்கும் முன் பார்க்க வேண்டிய எண் அதுதான். ஆனால் அது சென்ற ஆண்டின் எண். சகோதரர்கள் அதிகம் சேரும் ஆண்டில் அந்த வட்டம் சுருங்கும். 0.7 மைலை நம்பி 0.6 மைலில் வீடு எடுத்தவர், வரும் ஆண்டில் வட்டம் 0.5க்குச் சுருங்கியதைக் கண்டு திகைப்பார். வீட்டு முகவர்கள் இதைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

தூரம் இவ்வளவு பெறுமதியாகும்போது முகவரியில் பொய் வருவது எதிர்பார்க்கக்கூடியதே. உறவினர் வீட்டு முகவரியைக் கொடுப்பது, ஆறு மாதத்துக்கு மட்டும் சிறிய ஃபிளாட் ஒன்றை வாடகைக்கு எடுப்பது போன்றவற்றைக் கவுன்சில்கள் நன்றாக அறியும். கவுன்சில் வரிப் பதிவையும் பிள்ளைக்கான கொடுப்பனவு போகும் முகவரியையும் ஒப்பிட்டுப் பார்க்கும்; சொந்த வீடு இன்னொன்று இருந்தால் வாடகை முகவரியை ஏற்க மறுக்கும் கவுன்சில்களும் உண்டு. பொய்யான தகவலால் பெற்ற இடத்தைத் திரும்பப் பெறலாம் என்று விதிக்கோவை சொல்கிறது. ஆனால் தண்டிக்கப் போன கவுன்சில்கள் சங்கடப்பட்டிருக்கின்றன. 2008இல் பூல் கவுன்சில், ஒரு குடும்பம் உண்மையில் அந்த முகவரியில்தான் வசிக்கிறதா என்று அறிய, தீவிரக் குற்றங்களுக்கென்று பலர் நினைத்திருந்த கண்காணிப்புச் சட்டத்தைப் பயன்படுத்தி ஏறக்குறைய மூன்று வாரம் அவர்களைப் பின்தொடர்ந்தது. குடும்பம் எந்தத் தவறும் செய்திருக்கவில்லை. அந்தக் கண்காணிப்பு சட்டவிரோதமானது என்று 2010இல் விசாரணை அதிகாரங்களுக்கான தீர்ப்பாயம் தீர்ப்பளித்தது. 2009இல் ஹரோ கவுன்சில் ஒரு தாயின் மேல் மோசடிச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்து, அந்தச் சட்டம் பாடசாலை விண்ணப்பத்துக்குப் பொருந்துமா என்ற ஐயம் எழுந்ததும் வழக்கைக் கைவிட்டது. இன்று பெரும்பாலும் நீதிமன்றம் வரை போவதில்லை. இடத்தைப் பறிப்பதே போதிய தண்டனையாக இருக்கிறது.

முடிவு நாள் இடைநிலைக்கு மார்ச் 1, ஆரம்பப் பாடசாலைக்கு ஏப்ரல் 16. விடுமுறை நாளில் வந்தால் அடுத்த வேலை நாள். கிடைத்த இடம் பிடிக்காவிட்டாலும் அதை ஏற்றுக்கொள்வதே புத்திசாலித்தனம். ஏற்றுக்கொண்டால் விரும்பிய பாடசாலையின் காத்திருப்போர் பட்டியலிலிருந்தோ மேன்முறையீட்டு உரிமையிலிருந்தோ பெயர் விலகாது; மறுத்தால் கையில் இருப்பதும் போகும். காத்திருப்போர் பட்டியலைக் குறைந்தது டிசம்பர் 31 வரை வைத்திருக்க வேண்டும். அந்தப் பட்டியல், பெயர் பதிந்த நாளைக் கொண்டு நகர்வது இல்லை. புதிதாக யார் சேர்ந்தாலும் அதே முன்னுரிமை விதிகளின்படி முழுப் பட்டியலும் மீண்டும் வரிசைப்படுத்தப்படும். ஏப்ரலில் ஏழாவதாக இருந்த பிள்ளை ஜூனில் பதினொன்றாவதாகப் போகலாம், ஏனெனில் பாடசாலைக்கு அடுத்த தெருவுக்கு நான்கு குடும்பங்கள் குடிவந்திருக்கும். யாரோ குறுக்கே புகுந்துவிட்டார்கள் என்று பெற்றோர் கவுன்சிலுக்குத் தொலைபேசியில் சத்தம் போடும் காலம் அதுதான்.

மறுக்கப்பட்ட ஒவ்வொரு பாடசாலைக்கும் மேன்முறையீடு செய்யும் உரிமை உண்டு. பெற்றோருக்குச் செலவு இல்லை. மறுப்புக் கடிதம் வந்ததிலிருந்து குறைந்தது 20 பாடசாலை நாட்கள் விண்ணப்பிக்கக் கொடுக்கப்படும். அந்தக் காலக்கெடு முடிந்து 40 பாடசாலை நாட்களுக்குள் விசாரணை நடக்க வேண்டும். விசாரணை நாளைக் குறைந்தது 10 பாடசாலை நாட்களுக்கு முன் அறிவிக்க வேண்டும். குழுவில் குறைந்தது மூவர். அவர்களில் ஒருவராவது கல்வித் துறை அனுபவம் உள்ளவராகவும், ஒருவராவது எந்தப் பாடசாலையையும் நடத்தியோ அதில் கற்பித்தோ அறியாத பொது மனிதராகவும் இருக்க வேண்டும். அந்தக் கவுன்சிலின் உறுப்பினரோ ஊழியரோ அமர முடியாது. கவுன்சிலே அவர்களைத் திரட்டி, அறையை ஏற்பாடு செய்து, எழுத்தரையும் கொடுப்பதால், ‘அவர்களும் கவுன்சில் ஆட்கள்தானே’ என்று பெற்றோர் சந்தேகிப்பதுண்டு. குழுவின் முடிவு கவுன்சிலைக் கட்டுப்படுத்தும்; ஒரு பிள்ளையைச் சேர் என்று அவர்கள் சொன்னால் கவுன்சிலோ அகடமியோ மறுக்க முடியாது. 2022 ஒக்டோபரில் வந்த மேன்முறையீட்டு விதிக்கோவைக்குப் பின்னர் காணொளி மூலமும் விசாரணை நடத்தலாம்.

விசாரணை இரண்டு கட்டமாக நடக்கும். முதற்கட்டத்தில் கேள்வி பெற்றோரைப் பற்றியது அல்ல, பாடசாலையைப் பற்றியது. அனுமதி விதிகள் சட்டத்துக்கு ஏற்றவையா, இந்தப் பிள்ளையின் விடயத்தில் சரியாகக் கையாளப்பட்டனவா, இன்னும் பிள்ளைகளைச் சேர்த்தால் உண்மையில் பாதிப்பு வருமா என்பன பார்க்கப்படும். கவுன்சிலின் சார்பில் ஓர் அதிகாரி வந்து, ஆய்வுகூடத்தில் எத்தனை மேசைகள், மதிய உணவு மண்டபத்தில் எத்தனை பேர், மாடிப்படியில் நெரிசல் எப்படி என்று சொல்வார். ஒரே பாடசாலைக்கு முப்பது நாற்பது பேர் முறையிட்டிருந்தால் இந்தக் கட்டத்தை எல்லோருக்கும் சேர்த்து நடத்துவார்கள். பெற்றோர் கேள்வி கேட்கலாம். பெரும்பாலோர் கேட்பதில்லை, இது ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்து மௌனமாக இருப்பார்கள். சென்ற ஆண்டும் அதற்கு முந்திய ஆண்டும் இதே பாடசாலை அறிவித்த எண்ணிக்கைக்கு மேல் எத்தனை பிள்ளைகளை வைத்திருந்தது, அதனால் என்ன நடந்தது என்ற ஒரு கேள்வி, ஐந்து பக்கக் கடிதத்தைவிட வலுவானது. பாதிப்பு வராது என்று குழு கருதினால் முறையிட்ட பிள்ளை அந்தக் கட்டத்திலேயே இடம் பெறுவாள்.

பாதிப்பு உண்டு என்று முடிவானால் இரண்டாம் கட்டம்: அந்தப் பாதிப்பு பெரிதா, இந்தப் பிள்ளைக்கு அந்தப் பாடசாலை கிடைக்காததால் வரும் இழப்பு பெரிதா என்று நிறுத்துப் பார்ப்பது. ஒரு தந்தைக்கு மொழிபெயர்ப்பதற்காக இப்படியொரு விசாரணைக்குப் போயிருந்தேன். அவர் பத்து நிமிடம் பாடசாலையின் பரீட்சைப் பெறுபேறுகளையும் மேற்பார்வை அறிக்கையையும் புகழ்ந்தார். கிடைத்த பாடசாலையைக் குறைசொன்னார். குழுவினர் குறிப்பெடுத்தார்கள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அன்று அதே புகழ்ச்சியைக் கேட்டது அவர்களுக்கு எத்தனையாவது தடவையோ. பொது உறுப்பினரான முதிய பெண் ஒருவர், “பின்னேரத்தில் பிள்ளையை யார் கூட்டிவருவார்கள்?” என்று கேட்டார். தந்தை என்னிடம் திரும்பி, “இவவுக்கு என்னத்துக்கு அது?” என்றார். பிறகு சொன்னார்: மனைவி கிழமையில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்கு வைத்தியசாலை போகிறா; தான் இரவு வேலை; இடம் கேட்கும் மூத்தவள்தான் தம்பியை அந்தப் பாடசாலைக்குப் பக்கத்திலுள்ள ஆரம்பப் பாடசாலையிலிருந்து கூட்டிவர வேண்டும். இது விண்ணப்பத்தில் இல்லை. மேன்முறையீட்டுப் படிவத்திலும் இல்லை. வீட்டுக் கஷ்டத்தை வெள்ளைக்காரருக்கு ஏன் சொல்வான் என்று விட்டிருக்கிறார். வைத்தியசாலைக் கடிதம் அவருடைய கைத்தொலைபேசியில் இருந்தது; பிந்திய ஆதாரமாக அதை ஏற்றுக்கொள்ளக் குழு இணங்கியது. முடிவுக் கடிதம் அடுத்த கிழமை வந்தது. பிள்ளைக்கு இடம் கிடைத்தது. நல்ல பாடசாலை எல்லோருக்கும் நல்லது. குழு தேடுவது, அது இந்தப் பிள்ளைக்கு மட்டும் ஏன் தேவை என்பதை.

ரிசெப்ஷன், முதலாம், இரண்டாம் ஆண்டு வகுப்புகளில் கதை வேறு. ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகள் என்பதைச் சட்டமே வரையறுக்கிறது. அந்த எல்லையைத் தாண்டவேண்டி வரும் மேன்முறையீடுகளில் குழுவுக்கு நிறுத்துப் பார்க்கும் அதிகாரமே இல்லை. சேர்த்தாலும் எல்லை மீறப்படாது என்று கண்டாலோ, விதி தவறாக இருந்து அல்லது தவறாகக் கையாளப்பட்டு, இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைக்கு இடம் கிடைத்திருக்கும் என்று கண்டாலோ, நியாயமான எந்த அமைப்பும் எடுத்திருக்க முடியாத முடிவு அது என்று கண்டாலோ மட்டுமே குழு பெற்றோர் பக்கம் தீர்ப்பளிக்கலாம். கடைசியாகச் சொன்னதைச் சட்டத்தரணிகள் மிக உயர்ந்த வேலி என்பார்கள். வேலை நேரமும் பிள்ளைப் பராமரிப்பும் பொருந்தவில்லை என்ற காரணம் அதைத் தாண்டாது. நான்கு வயதுப் பிள்ளைக்காகக் கண்ணீருடன் வரும் தாய்க்கு அனுதாபம் காட்டியபடியே ‘முடியாது’ என்று சொல்லக் கட்டுப்பட்டிருப்பது குழுவினருக்கும் எளிதல்ல. இந்த எல்லைக்கு விதிவிலக்குகள் உண்டு. இரட்டையரில் ஒருவர் 30ஆவது இடத்தைப் பெற்றால் மற்றவர் 31ஆவதாக உள்ளே வரலாம் என்பது அவற்றில் ஒன்று. 163 கிராமர் பாடசாலைகளில் தேர்வுப் புள்ளி போதாமல் மறுக்கப்பட்டவர்களின் மேன்முறையீடும் தனி வகை: பிள்ளை அந்தத் தரத்தில் உள்ளவர் என்பதற்கான கல்விச் சான்று இல்லாமல், தேர்வு நாளன்று காய்ச்சல் என்ற மருத்துவக் குறிப்போடு மட்டும் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

குழுவின் முடிவுக்கு மேலே இன்னொரு மேன்முறையீடு கிடையாது. கவுன்சில் பாடசாலைகள் தொடர்பில் உள்ளூராட்சிக்கான குறைகேள் அதிகாரியிடம் முறையிடலாம். அவர் நடைமுறைத் தவறு நடந்ததா என்று மட்டும் பார்ப்பார், தவறு கண்டால் புதிய குழுவின் முன் மறுவிசாரணை கேட்பார். முடிவு பிழை என்று சொல்வது அவர் வேலை அல்ல.

ஆண்டின் நடுவில் குடிபெயர்ந்து வருவோருக்கு இந்த ஒழுங்கெல்லாம் தளர்வாகவே இருக்கிறது. விண்ணப்பத்துக்கு 15 பாடசாலை நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று 2021 கோவை விதித்தது. எந்தப் பாடசாலையும் ஏற்காத, பாடசாலை இன்றி நிற்கும் பிள்ளைகளுக்காக ஒவ்வொரு கவுன்சிலும் நியாயமான அனுமதிக்கான தனி ஏற்பாடு ஒன்றை வைத்திருக்க வேண்டும். கவுன்சில் தன் பாடசாலைகளுக்குப் பிள்ளையைச் சேர்க்கும்படி பணிக்கலாம். அகடமி மறுத்தாலோ கல்வி அமைச்சரிடம்தான் போக வேண்டியிருந்தது. அந்த இடைவெளியை அடைத்து, அகடமிகளையும் நேரடியாகப் பணிக்கும் அதிகாரத்தைக் கவுன்சிலுக்குத் தருவது 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சிறுவர் நலன் மற்றும் பாடசாலைகள் சட்டமூலத்தின் நோக்கங்களில் ஒன்று.

இப்போது கவுன்சில்களை அலைக்கழிப்பது இடப் பற்றாக்குறை அல்ல, பிள்ளைப் பற்றாக்குறை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012இல் ஏறக்குறைய 730,000 குழந்தைகள் பிறந்தார்கள். 2023இல் அது 591,000 ஆகக் குறைந்தது. பாடசாலைக்கு நிதி பிள்ளைத் தலைக்கு இவ்வளவு என்று வருவதால், 60 இடத்தில் 41 பிள்ளைகள் இருக்கும் வகுப்புகள் இரண்டு ஆசிரியர்களின் சம்பளத்தைத் தாங்காது. இலண்டனின் ஹக்னி பகுதியில் 2024இல் இரண்டு ஆரம்பப் பாடசாலைகள் மூடப்பட்டன, வேறு சில இணைக்கப்பட்டன. மூடாமல் சமாளிக்க, கவுன்சில்கள் அனுமதி எண்ணிக்கையை 60இலிருந்து 30க்கு இறக்குகின்றன. பிள்ளைகள் குறைந்தபின் இடம் எளிதாகும் என்று நினைப்பவருக்கு இது விசித்திரமாகத் தோன்றும்: 41 பிள்ளைகள் கேட்கும் பாடசாலையில் 30 இடமே இருந்தால், நேற்றுவரை விண்ணப்பித்த எல்லோருக்கும் கிடைத்த பாடசாலை இன்று தூரம் பார்க்கும் பாடசாலையாகிவிடும், மேன்முறையீடும் அந்த 30 என்ற சட்ட எல்லையில் போய் முட்டும்.

எண்ணிக்கையைக் கூட்டக் கருத்துக்கேட்பு தேவையில்லை, குறைக்கத் தேவை. உதாரணமாக, 2027 செப்டெம்பரில் ரிசெப்ஷனில் சேரும் பிள்ளைகளுக்கான விதிகளையோ எண்ணிக்கையையோ மாற்றுவதானால், 2025 ஒக்டோபர் 1க்கும் 2026 ஜனவரி 31க்கும் இடையில் குறைந்தது ஆறு வாரம் கருத்துக் கேட்டு, பெப்ரவரி 28க்குள் முடிவுசெய்ய வேண்டும். முடிவு விதிக்கோவைக்கு மாறானது என்று கருதும் எவரும் மே 15க்குள் பாடசாலை நடுவர் அலுவலகத்துக்கு ஆட்சேபம் அனுப்பலாம். அந்த அறிவித்தல் கவுன்சிலின் இணையத்தளத்தில், நூலக நேர மாற்றத்துக்கும் வாகன நிறுத்தக் கட்டணத்துக்கும் இடையில், ஒரு வரியாகக் கிடக்கும். அதைப் படித்துப் பதில் எழுதவேண்டிய பெற்றோரின் பிள்ளைக்கு அப்போது இரண்டு வயது; பாடசாலையைப் பற்றி அந்த வீட்டில் இன்னும் பேச்சே தொடங்கியிருக்காது.